உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சா...!

'உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சே தீரணும்' என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்ட பெரிய மனிதர்களின் போட்டோவுக்குக் கீழே போடுவதற்கென்றே கண்டுபிடித்தது மாதிரி இருக்கும்.

இந்தப் பழமொழிக்குக் கட்டுப்படாத ஆசாமி ஒருவர் இருக்கிறார். உப்பிலேயே பிறந்து, உப்பிலேயே வளர்ந்து, உப்பிலேயே குடும்பம் நடத்துபவர். ஆனால் நல்ல தண்ணீரில் விட்டால் போச்சு... பட்டென்று வெடித்துப் பரலோகம் போய்விடுவார்!

பெயர் ஹாலோபாக்டீரியம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். ஒரு மில்லிமீட்டருக்குள் தலையும் காலும் தொடுகிற மாதிரி இருநூறு பேரை வரிசையாகப் படுக்க வைக்கலாம். அவ்வளவு பொடியர்.

'இவரைப் பற்றி எழுத உனக்கு என்னய்யா யோக்கியதை?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கிருமி, பாலன்ஸ் ஷீட் டாலி ஆகாதபோது மூளைக்குள் புகுந்து குடைகிற கிருமிதான்.

தூத்துக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக் கொடுக்கிறார் என் பால்ய நண்பர். போன மார்ச்சில் ஒரு நாள் போன் பண்ணினார்.

"முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் புது மாதிரி பிராக்டிகல் ஒண்ணு வச்சிருக்கேன். வந்து பாரும் வே."

"எனக்கு என்ன புரியும்?"

"அதுக்குத்தான் கூப்பிடுதேன். உமக்கே புரிஞ்சிட்டுன்னா, என் பிள்ளைக அம்புட்டு பேருக்கும் புரிஞ்சிடும்லா?"

இந்த மரியாதைக்குப் பிறகு போகாமல் இருக்க முடியுமா? போனேன்.

நுண்ணுயிர் லேபில் முதல் வருஷம் கற்க வேண்டியவை ஐந்தாறு கைவேலைகள். கிருமிக்குச் சாப்பாடு தயாரிப்பது, கம்பி வளையத்தை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்துக் கிருமியைத் தொட்டு எடுப்பது, அதைத் தட்டில் கோடு கோடாக இழுத்துத் தனித்தனியே பிரிப்பது, ஒன்றுக்குப் பத்தாக நீர்த்துக்கொண்டே போவது, வளர்ந்த புள்ளிகளை எண்ணுவது, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது... இவ்வளவுதான். ஆனால் இதெல்லாம் சைக்கிள் மாதிரி. புத்தகம் படித்து வராது. நாலு தடவை விழுந்து எழுந்தால்தான் வரும்.

கேள்வி என்னவென்றால், எங்கே விழுகிறோம் என்பதுதான். மணலில் விழுந்தால் சிராய்ப்பு. லாரிக்கு முன்னால் விழுந்தால்?

லாரிக்கு முன்னால் விழுந்த கதை ஒன்றைச் சொன்னார் நண்பர். 2010 ஆகஸ்டிலிருந்து 2011 ஜூன் வரை அமெரிக்காவில் 38 மாநிலங்களில் 109 பேருக்கு சால்மோனெல்லா தாக்கியது. வயிற்றைக் கலக்கி, காய்ச்சலில் தள்ளுகிற கிருமி. ஒருவர் இறந்தே போனார். எந்த ஹோட்டல், எந்தக் கோழி என்று தேடிப் போன அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கடைசியில் வந்து நின்ற இடம்... நுண்ணுயிரியல் லேப்! கல்லூரி லேப்களும் மருத்துவ லேப்களும். லேப் உபயோகத்துக்கென்று கடையில் விற்கிற அதே ரக சால்மோனெல்லா.

இதில் வயிற்றைப் பிசைகிற விஷயம், லேப் வாசற்படியையே மிதிக்காத குழந்தைகளுக்கும் நோய் வந்திருந்தது. அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் லேபில் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருந்தார், அவ்வளவுதான். லேபில் உபயோகிக்கிற பேனாவும் நோட்டும் லேபிலேயே இருக்கட்டும், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று அறிவுரை சொன்னார்கள். கேட்டார்களா? 2014-ல் மறுபடி ஒரு தடவை, 2017-ல் இன்னொரு தடவை இதே கதை.

"என் கிளாஸ்ல நாப்பது பேரு" என்றார் நண்பர். "ஒருத்தன் வீட்ல அக்கா பிள்ளை கைக்குழந்தை. ஒருத்தி வீட்ல ஆச்சிக்கு சுகர். நான் சொல்லிக் குடுக்கப் போயி எவன் வீட்டுக்கு எது போகும்னு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு."

"ஆபத்தில்லாத கிருமியே கிடையாதா?"

"ஏன் இல்லாம? ஈகோலையிலயே நல்ல பிள்ளை ரகம் இருக்கு. ஆனா அதுக்குப் போடுற சாப்பாடு எல்லா ஊர்க் கிருமிக்கும் பிடிக்கும். பய கை நடுங்கித் தட்டைத் திறந்து வச்சான்னு வையும், காத்துல இருக்கறது, மூக்குல இருக்கறது எல்லாம் பந்தில உக்காந்திரும். எது நம்ம பிள்ளை, எது வந்தேறின்னு மொத வருஷப் பயலுக்கு எப்படித் தெரியும்?"

அதனால்தான் உப்பளம்.

மறுநாள் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். தூத்துக்குடியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுரம் சதுரமாகப் பாத்திகள். சில பாத்திகளில் தண்ணீர் சாதாரணமாக இருந்தது. கடைசிப் பாத்திகளில் மட்டும் ரோஸ் கலர். யாரோ கோலப்பொடியைக் கரைத்து ஊற்றினாற்போல!

நண்பரின் மாணவி ஒருத்தியின் அம்மா அங்கே வேலை பார்க்கிறார். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. பேச்சுக் கொடுத்தேன்.

"தண்ணி ஏன்க்கா சிவப்பா இருக்கு?"

"தண்ணி செவந்துட்டுன்னா உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம் தம்பி. டிகிரி பாப்பாக. இருவத்தஞ்சு வந்துட்டுன்னா சரியா இருக்கும்."

டிகிரி என்றால், ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்க விட்டு உப்பின் அடர்த்தியை அளக்கிறார்கள். கடல் தண்ணீருக்கு மூன்று டிகிரி. அது வெயிலில் வற்றி வற்றி இருபத்தைந்துக்கு வரும்போது உப்பு படிய ஆரம்பிக்கிறது. மூன்று வருஷம் படித்து நான் வாங்கியது ஒரே ஒரு டிகிரி. சும்மா வெயிலில் கிடந்த தண்ணீருக்கு இருபத்தைந்து!

அந்த அம்மா சொன்னதில் பாதிக்குமேல் விஞ்ஞானம் இருக்கிறது. தண்ணீரைச் சிவப்பாக்குவதில் பெரிய பங்கு நம்ம ஹாலோபாக்டீரியத்துக்கும் அதன் சொந்தக்காரர்களுக்கும்தான். சுற்றிலும் 25 சதவீதம் உப்பு இருக்கிற இடம்தான் இவர்களுக்கு சொர்க்கம். கேரட், தக்காளியில் இருக்கிற சாயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு சிவப்புச் சாயத்தை உடம்பில் பூசிக்கொண்டு வெயிலைச் சமாளிக்கிறார்கள். சிவந்த தண்ணீர் வெயிலை அதிகமாகக் குடிக்கும். அதனால் சீக்கிரம் வற்றும். சம்பளம் இல்லாமல் உப்பளத்தில் வேலை பார்க்கிற கோடானுகோடித் தொழிலாளிகள்!

'உப்பில் எப்படி ஐயா உயிர் வாழ முடியும்? ஊறுகாயில் உப்பைப் போடுவதே கிருமி வராமல் இருக்கத்தானே?' என்று எனக்கும் சந்தேகம் வந்தது. விஞ்ஞானிகளுக்கும் வந்திருக்கிறது. 'சாக்கடல்' என்றே பெயர் வைத்திருந்த கடலில் உயிர் இருக்கிறது என்று 1936-ல் ஒருவர் எழுதினார். பெஞ்சமின் வோல்கானி. அங்கே கிடைத்த ஓர் உப்புப் பிரியருக்குப் பின்னாளில் அவர் பெயரையே சேர்த்து 'ஹாலோஃபெராக்ஸ் வோல்கானி' என்று வைத்துவிட்டார்கள்.

சாதாரணக் கிருமியை உப்பில் போட்டால் அதன் உடம்பிலிருக்கும் தண்ணீர் வெளியே ஓடிவிடும். கருவாடாகிவிடும். ஹாலோபாக்டீரியம் என்ன செய்கிறது? வெளியே எவ்வளவு உப்போ, அதற்குச் சமமாக உள்ளேயும் பொட்டாசியம் உப்பை நிரப்பிக்கொள்கிறது. வரவும் செலவும் டாலி! நல்ல தண்ணீரில் தூக்கிப் போட்டால் இந்தக் கணக்கு உதைக்கிறது. தண்ணீர் உள்ளே பாய்ந்து, டமால்!

இன்னொரு வேடிக்கை. பெயரில்தான் 'பாக்டீரியம்'. ஆசாமி பாக்டீரியாவே இல்லை. 'ஆர்க்கியா' என்று ஒரு தனி வம்சம். அப்படி ஒரு வம்சம் இருப்பதையே 1977-ல்தான் கார்ல் வோஸ் கண்டுபிடித்துச் சொன்னார். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக ஏறிவிட்டால் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது நமக்குத் தெரியாதா? அதேதான். இந்த வம்சத்தில் மனிதனுக்கு நோய் தருவதாக நிரூபணமானவர் இதுவரை ஒருவர்கூடக் கிடையாது. நண்பருக்கு ராத்திரி தூக்கம் வரவழைத்த விஷயம் இதுதான்.

கருவாடு சில சமயம் ரோஸாகிப் போவதும், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பில் உப்புப் போட்டு அடுக்கின தோலில் செம்புள்ளி விழுவதும் இந்த உப்புப் பிரியர்களின் கைவரிசைதான். சரக்கைக் கெடுப்பார்களே தவிர, ஆளைக் கெடுக்க மாட்டார்கள்.

*

மாணவி ஒரு பாட்டில் ரோஸ் தண்ணீரை லேபுக்குக் கொண்டு வந்தாள். சமையல் ஆரம்பமானது. லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் உப்பு, 20 கிராம் மெக்னீசியம் சல்பேட், கொஞ்சம் சிட்ரேட், கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு, 10 கிராம் பெப்டோன். அதோடு கடல்பாசியிலிருந்து எடுக்கிற அகர். 'இவ்வளவு உப்பா!' என்று ஒரு பெண் அலறினாள். அவள் வீட்டு ரசத்துக்குப் போடுகிற அளவு ஞாபகம் வந்திருக்கும்.

இந்தச் சமையலின் சூட்சுமமே அந்த 250 கிராமில்தான் இருக்கிறது. நம் மூக்கிலும் தோலிலும் வாடகை தராமல் குடியிருக்கிற ஸ்டாஃபைலோகாக்கஸ், உப்பை நன்றாகவே தாங்குகிற பேர்வழி. அவருக்கே இந்த 25 சதவீத உப்பு தாங்காது. மற்ற நோய்க் கிருமிகளெல்லாம் எம்மாத்திரம்? பையன் தட்டைத் திறந்து வைத்துவிட்டு முன்சீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால்கூட, அழையா விருந்தாளிகளுக்கு அங்கே இலை கிடையாது.

ஓர் அடுக்கு வேலைக்குப் பதில் பலதும் கிடைக்கிறது. குடுவையில் வளர்ந்த கிருமியில் வெறும் தண்ணீரைச் சேர்த்தார்கள். கலங்கலாக இருந்தது கண்ணெதிரே தெளிந்து, கஞ்சி மாதிரி கொழகொழத்தது. மேலே ஸ்பிரிட்டை மெல்ல ஊற்றியதும் வெள்ளையாக நூல் நூலாக எழுந்து வந்தது. டி.என்.ஏ.வாம்! வேறு கிருமியாக இருந்தால் உடைப்பதற்கே சோப்பு, என்ஸைம் என்று ஏகப்பட்ட செலவு. இவர் தண்ணீரைப் பார்த்தாலே உள்ளதையெல்லாம் கொட்டிவிடுகிறார்.

பென்சிலின் தோய்த்த காகித வட்டை தட்டில் வைத்தால் கிருமி அதைச் சட்டை செய்வதே இல்லை. பென்சிலின் தாக்குகிற சுவரே இவருக்குக் கிடையாது. ஆனால் ஸ்டேட்டின் வகை மருந்தை வைத்தால் சுற்றிலும் ஆள் காலி! ஆமாம், உங்கள் ஆபீஸ் மானேஜர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்கிற அதே கொலஸ்ட்ரால் மாத்திரைக் குடும்பம்தான். நம் ஈரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கிற பாதையும், இவர் தன் மேல்தோலுக்குக் கொழுப்பு தயாரிக்கிற பாதையும் ஆரம்பத்தில் ஒன்றே என்பதால் இந்தக் கூத்து.

இதெல்லாம் வெறும் உள்ளூர் யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். 2000-ல் ஹாலோபாக்டீரியத்தின் சுமார் 25 லட்சம் எழுத்துள்ள மரபுக் கணக்கை முழுசாகப் படித்து வெளியிட்ட குழுவில் முக்கியமானவர் ஷிலாதித்ய தாஸ்சர்மா. அமெரிக்காவில் இந்த உப்புப் பிரியரை வகுப்பறைக்குக் கூட்டி வந்தவர்களில் அவரும் ஒருவர்.

குறைகளும் உண்டு. ஈகோலை இருபது நிமிஷத்தில் இரட்டிப்பாகும். இவருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அரசாங்க ஃபைல் வேகம்! தட்டில் புள்ளி தெரிய ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் தட்டு காய்ந்து, அதிலேயே உப்பு பூத்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். தராசு, இரும்புச் சாமான்களில் உப்பு பட்டால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துரு. சாயம் ஏற்றும்போதும் சாதாரண முறை செல்லாது. தண்ணீர் பட்டால்தான் ஆள் அவுட்டாயிற்றே! அசெட்டிக் ஆசிடில் முக்கி உப்பை இறக்கிய பிறகுதான் அலங்காரம்.

*

மூத்த பேராசிரியர் ஒருவருக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. டீ குடிக்கும்போது என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பிடித்தார்.

"பயம் இருந்தாத்தான் சார் கை சுத்தமா இருக்கும். நீச்சல் கத்துக்கணும்னா கழுத்தளவு தண்ணி வேணும். இவரு முழங்கால் தண்ணியில விட்டுட்டு 'நீந்து, நீந்து'ங்கறாரு. தப்புப் பண்ணினாலும் தட்டு சுத்தமா இருக்கும்னா பையன் ஏன் சார் ஒழுங்காப் பண்ணப் போறான்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அப்படித்தான் பட்டது. நண்பரைப் பார்த்தேன். "பத்து நாள் கழிச்சு மறுபடி வாரும்" என்றார்.

அன்றைய பிராக்டிகல், நீர்ப்பது. ஒரு மில்லி கிருமியை ஒன்பது மில்லியில் கலக்க வேண்டும். அதில் ஒரு மில்லி எடுத்து அடுத்த ஒன்பதில். இப்படி ஆறு குழாய். கடைசியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதில் மில்லியில் பத்தில் ஒரு பாகத்தைத் தட்டில் பரப்ப வேண்டும். மேஜையில் இரண்டு பாட்டில்கள். இரண்டிலும் பளிங்கு மாதிரி தண்ணீர். ஒன்றில் 'உப்பு நீர்' என்று லேபிள், இன்னொன்றில் 'காய்ச்சி வடித்த நீர்'. எந்தப் பாட்டிலில் நீர்க்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சொன்னது ஒரே ஒரு தடவை.

பத்து நாள் கழித்துப் போனேன். தட்டுகளை வெளியே எடுத்தார்கள். ரோஸ், ஆரஞ்சு, சிவப்பு என்று குட்டிக் குட்டிப் பொட்டுகள். ஸ்டிக்கர் பொட்டுக் கடை மாதிரி! உப்பளத்து அம்மாவின் மகள் எண்ணினாள். 62. ஒரு பொட்டு ஒரு கோடிக்குச் சமம். ஆக, ஒரு மில்லியில் 62 கோடி! இவ்வளவு பெரிய தொகையை அந்தப் பெண் தன் கையால் எழுதியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். 'ஒரு சைபரைக்கூட விட்டிரக் கூடாதுல்லா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டு தடவை சரிபார்த்தாள்.

பக்கத்து மேஜையில் நாலு பையன்கள். அவர்கள் தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பொட்டு கிடையாது. ஆறு குழாயையும் தப்பான பாட்டிலிலிருந்து நிரப்பியிருக்கிறார்கள். முதல் குழாயிலேயே அத்தனை கோடிப் பேரும் வெடித்துச் செத்தாயிற்று!

"பாத்தீரா?" என்றார் நண்பர் என் காதோரம். "இவரு வந்தேறியை உள்ளே விட மாட்டாரு, பிள்ளைகளுக்கு நோயும் குடுக்க மாட்டாரு. ஆனா கையும் கண்ணும் ஒழுங்கா இல்லைன்னா காட்டிக் குடுத்திருவாரு. கழுத்தளவு தண்ணி எதுக்கு வே? மூழ்கிச் சாவாம, மூழ்கினோம்னு மட்டும் தெரிஞ்சாப் போதாதா?"

கோட்டு, கை கழுவுதல், லேபில் முறுக்குத் தின்னாமல் இருப்பது எல்லாம் இங்கேயும் கட்டாயம்தான். நாளைக்கு நிஜக் கிருமியிடம் போகும்போது அந்தப் பழக்கம் கூடவே வர வேண்டும் என்கிறார்.

நாலு பையன்களில் ஒருவன் மெல்ல நெருங்கி வந்தான்.

"சார்... பக்கத்து டேபிள்ல 62. நாங்க ஒரு 58-ன்னு போட்டுக்கிடட்டுமா சார்?"

ஆஹா! எனக்கு நன்றாகப் பழக்கமான குரல். எங்கள் துறையில் இதற்கு 'அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி' என்று கௌரவமான பெயரே உண்டு. திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஏலே, நாளைக்கு நீ ஒரு லேப்ல வேலைக்குப் போற. ஒரு தெரு பூரா குடிக்கிற தண்ணி உன் டேபிளுக்கு வருது. தட்டுல ஒண்ணுமே வளரல. தண்ணி சுத்தமா இருக்குன்னு அர்த்தமா, இல்ல நீ குழாய்லயே கொன்னுட்டன்னு அர்த்தமா? ரெண்டும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். நீ 'கிருமி இல்லை'ன்னு எழுதிக் குடுத்திட்டன்னா, அந்தத் தெருவுல குழந்தைகளுக்குப் பேதியாகும்போது உன் கையெழுத்துல்லா அங்க நிக்கும்?"

லேபில் பேச்சு மூச்சில்லை. பையன் தலையைச் சொறிந்தான். பிறகு ரெகார்டு நோட்டைத் திறந்து, எண்ணிக்கைக் கட்டத்தில் கொட்டை எழுத்தில் '0' என்று போட்டான். அதற்குக் கீழே கொஞ்சம் யோசித்து, 'நீர்த்த தண்ணீரில் உப்பு இல்லை. கிருமி இல்லை என்று அர்த்தம் இல்லை' என்று எழுதினான்.

நண்பர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்து, பத்துக்கு எட்டு மார்க் போட்டார்.

சைபருக்கு எட்டு மார்க்! எனக்குத் தெரிந்த எந்த ஆடிட்டரும் இப்படி ஒரு கணக்கை பாஸ் பண்ணியதில்லை. பண்ணியிருந்தால் நாட்டில் எத்தனையோ கம்பெனிகள் பிழைத்திருக்கும்!